பாராட்டோடு தொடங்கிய நோய்

திருப்பூரில் நாயைக்கூட மரியாதையாகத்தான் விரட்டுகிறார்கள். நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் படுத்திருந்த நாயிடம் வீட்டுக்காரம்மா, "அட, அந்தப் பக்கம் போய்ப் படுங்க சாமி" என்று சொல்லிவிட்டு ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த புதிதில் இதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் ஊரில் பாசமாகக் கூப்பிடுவதே "ஏலே மூதேவி" என்றுதான். இங்கே மரியாதையும் வாளித் தண்ணீரும் ஒன்றாகவே வரும் என்பது புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. ஊரிலிருந்து பனியன் கம்பெனிக்குக் கிளம்பத் துணிப்பை கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும், ஏற்கெனவே இங்கே வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் அண்ணன் முத்துராஜுக்கு வந்திருப்பது மனநோய். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். படித்ததற்கு இதையாவது எழுத வேண்டும்.

அண்ணன் ஓவர்லாக் மிஷினில் தைக்கும் டெய்லர். அதே கம்பெனியில் நான் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் துணியில் குறை பார்ப்பது என் வேலை. கப்பலுக்குச் சரக்கு அனுப்ப வேண்டிய ஒரு நெருக்கடியில்தான் அது ஆரம்பித்தது. அண்ணன் தூங்குவதை நிறுத்தினான். தூக்கம் வராமல் புரண்டு தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் போவது வேறு. அவன் ஒன்றரை ஷிப்ட் தைப்பான், குளித்துவிட்டு வந்து அடுத்த ஷிப்டிலும் உட்காருவான். களைப்பில்லை, பசியில்லை. கண் மட்டும் பளபளவென்று இருக்கும். கான்ட்ராக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏனுங்க தம்பி, உங்கண்ணன் என்னத்தைங்க சாப்பிடறாரு? இவிங்களுக்கும் கொஞ்சம் வாங்கிக் குடுங்க" என்று மற்ற டெய்லர்களைக் காட்டிச் சொல்வார். பக்கத்து மிஷினில் தைக்கும் தேனிக்காரர் அண்ணனுக்கு ஜெனரேட்டர் என்று பெயர் வைத்தார். "கரண்ட் போனாலும் நிக்க மாட்டாருய்யா, டீசல் மட்டும் ஊத்துங்க!" தையல் லைனே சிரிக்கும். அண்ணனும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான். ஆயுத பூஜையன்று மிஷினுக்குப் போட்ட மாலையில் ஒன்றைக் கழற்றி கான்ட்ராக்டர் அண்ணன் கழுத்தில் போட்டார். நாங்கள் கை தட்டினோம். ஒரு நோயின் முதல் அறிகுறிக்கு மாலை போட்டுக் கை தட்டியவர்கள் உலகத்தில் வேறு எங்காவது இருப்பார்களா என்று தெரியவில்லை.

இருந்தார்கள், எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, ஒரு கோடையில் கரிசல் காட்டில் தனியாளாகக் கிணறு வெட்ட இறங்கினார். சோறு கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார். ஊர் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. "வேலைக்காரன்னா இவன்லா வேலைக்காரன்" என்று பெரியவர்கள் எங்களுக்குக் காட்டினார்கள். கிணற்றுக்குள் ராஜாவின் குதிரை கிடக்கிறது என்று அவர் சொல்லத் தொடங்கிய பிறகு, அதே பெரியவர்கள் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக் கயிற்றால் அவரை வேப்பமரத்தில் கட்டினார்கள். கயிறு அறுத்த இடத்தில் ஈ மொய்த்ததை நான் பார்த்திருக்கிறேன். கட்டை அவிழ்த்தபின் அவர் யாரோடும் பேசவில்லை. தான் வெட்டிய கிணற்றிலேயே, முழங்கால் அளவுத் தண்ணீரில், குப்புறக் கிடந்தார். சாமி குத்தம் என்று சொல்லிக் கிணற்றைத் தூர்த்தார்கள்.

அண்ணனுக்குத் தூக்கம் போனதற்குப் பின்னால் பேச்சு வந்தது. ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுவான். "இந்தக் கம்பெனிய அடுத்த மாசம் நான் வாங்குதேன். நீதாம்லே மேனேஜரு" என்பான். பிகார் பையன்களிடம் தனக்குத் தெரியாத இந்தியில் மணிக்கணக்காகப் பேசுவான். அவர்கள் பயந்துபோய் "அச்சா பையா, அச்சா பையா" என்று தலையாட்டுவார்கள். பிறகு சந்தேகம் வந்தது. கட்டிங் மாஸ்டர் துணியில் சாக்பீஸால் போடும் கோடுகள் தன்னைக் கொல்வதற்கான உத்தரவு என்றான். அந்த நாட்களில் ஒரு பகலில், குழந்தைகளுக்கான டி-சர்ட் கட்டு ஒன்று என் மேஜைக்கு வந்தது. முதல் சட்டையில் கை விட்டேன். கை வெளியே வரவில்லை. கழுத்துத் துவாரம் மூடித் தைக்கப்பட்டிருந்தது. அடுத்ததும் அப்படியே. கட்டு முழுவதும் அப்படியே. தையல் மட்டும் நூல் பிசகாமல் அழகாக இருந்தது.

ஓடிப்போய், "ஏம்ணே இப்படிப் பண்ணுன?" என்று கேட்டேன். அவன் என் காதருகே குனிந்தான். "பிள்ளை தலைய வெளிய நீட்டுனா வெட்டுததுக்கு ஆளு நிக்காம்லே. உள்ளயே இருந்தாத்தான் உசுரோட இருக்கும்."

கான்ட்ராக்டர் வந்து அவன் தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பிடுங்கியதும் அண்ணன் கத்திரியைத் தூக்கினான். நாலைந்து பேர் அமுக்கிப் பிடித்துக் கழுத்துப் பட்டிக்கு வெட்டி வைத்திருந்த ரிப் துணியால் அவனைத் தூணோடு கட்டினார்கள். அது இழுக்க இழுக்க நீளுமே தவிர அறாது. "நல்ல மெத்துனு இருக்கற துணிங்க தம்பி, காயம் ஒண்ணும் ஆகாதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் கான்ட்ராக்டர். அண்ணன் அதிலேயே சிறுநீர் கழித்தான். அவன் மிஷினில் வேறு ஆளை உட்காரவைத்தார்கள். மூடிய கழுத்துகளை வெட்டித் திறந்து மறுபடி தைத்து, சரக்கு சாயங்காலமே வேன் ஏறியது. தேனிக்காரர் தூணைக் கடக்கும்போதெல்லாம், "என்னய்யா, டீசல் ஒழுகுது?" என்றார். சிலர் சிரித்தார்கள். ஷிப்ட் முடிந்த பிறகுதான் அவிழ்க்க விட்டார்கள்.

கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு டாக்டர் ஒரு அம்மா. எப்போது மாற்றம் தெரிந்தது என்று கேட்டார். கழுத்தை மூடித் தைத்த நாளைச் சொன்னேன். அதற்கு முன்னால்? "அதுக்கு முன்னால நல்லா வேலை பாத்தான் மேடம்." டாக்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "எவ்வளவு நல்லா?" நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே போனது. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, கிணற்றைச் சொன்னேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இதற்குப் பெயர் பைபோலார். மனம் அளவுக்கு மீறி ஏறும். பிறகு அதே வேகத்தில் இறங்கும். ஏறும்போது தூக்கம் வேண்டாம், பேச்சு நிற்காது, தன்னால் முடியாதது இல்லை என்று தோன்றும். முற்றினால் இல்லாத எதிரி தெரிவான், இல்லாத குரல் கேட்கும். இறங்கும்போது எழுந்து பல் துலக்கக்கூட முடியாது. சாவதைப் பற்றியே நினைப்பு ஓடும். சித்தப்பா கிணற்றில் போய்ச் செத்தது மனம் அப்படி இறங்கியபோதுதான். மனநோய் என்பது ஒரே நோயல்ல. வெறும் சோகமாக வருவதுண்டு, ஓயாத பயமாக வருவதுண்டு, குரல்களோடு மட்டும் வருவதும் உண்டு. காரணமும் ஒன்றல்ல. இரத்த வழியாக ஒரு பங்கு, மூளைக்குள் ஓடும் ரசாயனங்களின் கோளாறு ஒரு பங்கு, தூக்கத்தைக் கெடுக்கும் வாழ்க்கை ஒரு பங்கு. "உங்க ஷிப்ட் இதை உண்டாக்கலை. ஆனா உள்ள இருந்ததைத் தட்டி எழுப்பியிருக்கு" என்றார் டாக்டர். பேய், செய்வினை, சாமி குத்தம் எதுவும் இதில் இல்லை. மாத்திரையை நாமாக நிறுத்தினால் திரும்ப வரும். இதை மட்டும் அவர் என்னைத் திருப்பிச் சொல்லவைத்தார்.

தெளிந்ததும் அண்ணனை ஊருக்குக் கூட்டிப்போனேன். அங்கே மாத்திரைக்கு இடமில்லை. "மாத்திரை திங்கது வெளிய தெரிஞ்சா எவன்யா பொண்ணு குடுப்பான்?" என்று அம்மா அழுதாள். பிறகு எனக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். தூணில் கட்டிய சேதி ஊருக்கும் வந்திருந்தது; தெருப்பிள்ளைகள் அண்ணனைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தில் சாய்ந்து நடித்துக் காட்டினார்கள். வேறு மாத்திரை வாங்கிக் கொடுத்து மறுபடி இங்கேயே கொண்டுவந்தேன். கான்ட்ராக்டர் சேர்த்துக்கொண்டார், ஆனால் மிஷினில் அல்ல. மாத்திரையால் அண்ணனின் கை நடுங்கியது; டெய்லர் தைத்துப் போடுவதை எடுத்து மடிக்கும் கைமடி வேலைதான் கிடைத்தது. அவனுடைய பழைய மிஷினில் இப்போது தைக்கும் பெண் பிள்ளை, "அண்ணா, சீக்கிரமுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லும். நடுக்கத்துக்கு வழி இருக்கிறது, அளவைக் குறைக்கலாம், டாக்டரிடம் கேட்போம் என்றேன். "கேட்டு என்னலே செய்ய? இந்தக் கை என் கைய மாதிரியே இல்ல" என்றான்.

இப்போது மறுபடி சரக்கு நெருக்கடி. போன வாரம் கான்ட்ராக்டர் எங்கள் இருவரையும் டீக்கடைக்கு அழைத்துப்போய் வடை வாங்கிக் கொடுத்தார். "தப்பா நெனைக்காதீங்க தம்பி. அந்த மாத்திரைய இந்தச் சரக்கு போற வரைக்கும் கொஞ்சம் நிறுத்திப் பாக்கலாமுங்களா? மறுக்கா போட்டுக்கலாமுங்க." நான் கோபமாக எழுந்தேன். அண்ணன் எழவில்லை. வடையைப் பிய்த்துக்கொண்டு, "நிறுத்துனா மிஷினு தருவியளா?" என்று கேட்டான்.

நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், சித்தப்பாவின் பெயரைச் சொன்னேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டான். இன்று காலை நான் கம்பெனிக்குப் போனபோது அவன் ஓவர்லாக்கில் உட்கார்ந்திருந்தான். கை நடுங்கவில்லை. கண் பளபளவென்று இருந்தது. "வாங்க தம்பி, பாருங்க உங்கண்ணனை!" என்றார் கான்ட்ராக்டர். நான் மாத்திரை அட்டையோடு மிஷின் பக்கத்தில் போய் நின்றேன். அவன் திரும்பவேயில்லை. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"எப்படிய்யா இருக்கான்?"

"தைக்கான்மா."

"நெசமாவா? பழைய மாதிரியேவா? அவங்கிட்ட குடு."

அண்ணன் போனை வாங்கவில்லை. நான் கையை நீட்டி அதை மிஷினுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அம்மா அங்கே மிஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். போனைத் திரும்ப எடுத்தபோது சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் பிடிய்யா, கேட்டுக்கிடுதேன்" என்றாள். ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் போனுமாக, இருவருக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.