எட்டாயிரத்து ஐம்பத்திரண்டு கட்டங்கள்

பக்கத்து வீட்டை இடித்துவிட்டு, கோயிலுக்கு வருகிறவர்கள் தங்க மூன்று மாடி விடுதி கட்டத் தொடங்கினார்கள். கடைக்கால் தோண்டிய மண்ணை ஏற்றிக்கொண்டு பத்தொன்பது லாரிகள் போயின. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. அந்த வீடு போனதும் எங்கள் கூடத்துச் சுவர் முதன்முறையாகத் துணையில்லாமல் நின்றது. பதினைந்தாவது லாரி போன அன்று அதில் ஒரு விரிசலைப் பார்த்தேன். பரணுக்குக் கீழே தொடங்கிச் சாய்வாக இறங்கி, என் மனைவியின் கட்டில் தலைமாட்டுக்கு இரண்டு அடி மேலே நின்றது.

அவளுக்கு முழங்கால் வலி. அங்கிருந்து பதினோரு எட்டில் குளியலறைக்குப் போய்விடலாம் என்பதால் கட்டிலை அங்கே போட்டிருந்தோம். வேறெங்கும் போட அவள் சம்மதிக்கவில்லை.

விரிசலின் குறுக்கே நான்கு இடங்களில் பென்சில் கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதினேன். பதினாறு நாளில் அது அரை மில்லிமீட்டர் அகன்றது. விடுதிக்காரர்களின் இன்ஜினியர் வந்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, மேல்பூச்சுதான் வெடித்திருக்கிறது, சுவருக்கு ஒன்றுமில்லை என்றார். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் போனில் அதையே சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். எனக்கு மட்டும் பக்கத்தில் இயந்திரம் ஓடும்போதெல்லாம் டம்ளர் தண்ணீரில் எழும் வளையங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன.

வால்பேப்பர் ஒட்டும் யோசனை மருமகளுடையது. அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சுவரில் உரசிவிட்டால் யூனிஃபார்ம் முதுகில் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்கிறது. வீடும் இருண்டு கிடக்கிறது, இந்தச் சுவரையாவது புதுசாக்கலாம் என்றாள். ஓரிக்கையிலிருந்து ஒருவர் மாதிரி ஆல்பங்களோடு வந்தார். மூன்று ஆல்பம், இருநூற்றுப் பன்னிரண்டு மாதிரிகள். செங்கல் போல, மூங்கில் போல, அருவி போலக்கூட இருந்தன.

"விரிசல் இருக்குதேப்பா" என்றேன்.

"அது இன்னா சார், பட்டி வெச்சி இழுத்துட்டா மூடிக்கும். மேல பேப்பரும் ஒட்டிட்டா, எங்க இருந்துச்சின்னு உங்களுக்கே தெரியாது."

எனக்கு அதுதான் பயம். தெரிகிற விரிசலை அளக்கலாம். மூடிய விரிசல் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யார் சொல்வது?

நான் முப்பத்திரண்டு வருஷம் பட்டுச் சேலைகளுக்குத் தரம் பார்த்தவன். சேலைமேல் சின்ன பித்தளை லென்ஸை வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ண வேண்டும். பூப்போட்ட துணி தன் குறையை மறைத்துக்கொள்ளும். கட்டம் போட்ட துணியால் அது முடியாது. எங்காவது ஓர் இழை இழுத்திருந்தாலும் கோடு கோணிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஞாபகத்தில்தான் இரண்டாவது ஆல்பத்தில் ஓர் ஏட்டின்மேல் விரலை வைத்தேன். சந்தன நிறத்தில், ஒன்றரை அங்குலச் சதுரங்களாக நீலக் கோடுகள். சுவர் ஒரு நூலளவு நகர்ந்தாலும் இந்தக் கோடுகள் சொல்லிவிடும்.

"மாமா, இது லேப் மாதிரி இருக்குது" என்றாள் மருமகள். "அந்த வெள்ளைப் பூ எவ்ளோ அழகா இருக்குது, பாருங்க."

"கணக்கு நோட்டுக்குள்ள படுத்துக்கினு இருக்கிற மாதிரி இருக்கும்" என்றாள் மனைவி. "உங்களுக்கு எண்றதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலயா?"

காரணத்தைச் சொல்லவில்லை. அந்தச் சுவரடியில் படுக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன். உள்ளறைக்கு வெள்ளைப் பூ என்ற நிபந்தனையோடு மருமகள் விட்டுக்கொடுத்தாள்.

ஒட்டுகிறவர் முதல் வேலையாகத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் நூலை ஒட்டிச் சுவரில் கோடு கிழித்தார். "மொத பட்டை நேரா வுழுந்தாத்தான் சார் மத்ததெல்லாம் நேரா வரும்." மொத்தம் எட்டுப் பட்டைகள். அகலத்தில் நூற்றுப் பன்னிரண்டு கட்டம், உயரத்தில் எழுபத்திரண்டு. சுவிட்ச் பலகை மறைத்த பன்னிரண்டைக் கழித்தால் எட்டாயிரத்து ஐம்பத்திரண்டு. என் பென்சில் கோடுகளும் தேதிகளும் பட்டிக்கு அடியில் போயின. கூடம் வெளிச்சமானது உண்மை. தெருவில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றார்கள்.

அன்றுமுதல் காலைக் காப்பி முடிந்ததும் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பழக்கப்படி இடது கண்ணை மூடிக்கொண்டு கோடுகளைப் பார்ப்பேன். விரிசல் இருந்த பாதையில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமாக. நாற்பத்திரண்டு நாள் எல்லாம் நேராக இருந்தன.

நாற்பத்து மூன்றாம் நாள் தலைமாட்டுக்கு மேலே ஆறு கட்டங்கள் நெளிந்திருந்தன.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி இடது கண்ணை மூடினேன். நெளிவு போகவில்லை. பார்வையை ஓர் அடி வலப்பக்கம் நகர்த்தினேன். அங்கேயும் கோடு உள்வாங்கியிருந்தது. பரண் பக்கம் பார்த்தேன், அங்கேயும். எந்த இடத்தைப் பார்த்தாலும் அந்த இடத்தில் சுவர் வளைந்தது. முழுச் சுவரும் கிளம்பிவிட்டது என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்தேன்.

"எழுந்திரு. வெளியே வா."

"இன்னாங்க ஆச்சி?"

"சுவர் வருது."

"எங்க வருது?" என்று திரும்பிப் பார்த்தாள். "அது பாட்டுக்கு நின்னுக்கினு இருக்குது."

அவளைத் தெருவுக்கு நடத்தி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவரைக்காய் முறமும் கையோடு வந்தது. அன்று மருமகளுக்கு வார விடுமுறை. அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு நேராத்தான் மாமா தெரியுது" என்றாள். உனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று கடிந்துகொண்டு, ஒட்டியவருக்குப் போன் செய்யச் சொன்னேன். அவர் வருவதற்கு முப்பத்தெட்டு நிமிஷம் ஆயிற்று. அத்தனை நேரமும் நான் வாசற்படியில் நின்று, யாரும் உள்ளே போகாதபடி கதவை மறித்துக்கொண்டிருந்தேன்.

அவர் சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே போனார். மேலே ஆணி அடித்துத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். அது ஆடி ஆடி நின்றது.

"வந்து பாருங்க சார். மேலருந்து கீழ வரைக்கும் கோடும் நூலும் ஒண்ணாத்தான் போவுது."

அருகில் போய் இடது கண்ணை மூடினேன். கோடு வளைந்திருந்தது. பக்கத்தில் தொங்கிய நூலும் வளைந்திருந்தது.

எடை கட்டித் தொங்கும் நூல் வளையாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடது கண்ணைத் திறந்தேன், நூல் நேரானது. மூடினேன், வளைந்தது. ஒன்பது முறை செய்து பார்த்தேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"பயந்துட்டீங்க, அவ்ளோதான்" என்று ஒட்டியவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சுவர் விழாது என்று தெரிந்த நிம்மதியில் உட்கார்ந்ததாக நினைத்திருப்பார்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வலது கண்ணைப் பரிசோதித்துவிட்டு, விழித்திரையில் நீர் கசிந்திருக்கிறது என்றார். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், மாதம் ஒன்றாக முதலில் மூன்று. பிறகு ஓர் அட்டையை நீட்டினார். அதில் கட்டங்கள். இருபதுக்கு இருபது, நானூறு.

"இதை வீட்டுல மாட்டி வச்சு, தினமும் ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. வளையிற கட்டம் அதிகமானா உடனே வரணும். இடது கண்ணுக்கும் வரலாம், அதையும் கவனிச்சுக்கணும்."

"அட்டை எதுக்கு டாக்டரம்மா?" என்றாள் என் மனைவி. "எங்க வூட்ல சுவரு பூராவும் கட்டந்தான்."

டாக்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

இரண்டு ஊசி போட்டாயிற்று. கட்டில் இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. வலது கண்ணுக்குப் போன வாரம் ஒன்பது கட்டம் வளைந்தது, இந்த வாரம் எட்டு. இடது கண்ணுக்கு இதுவரை எல்லாம் நேர். ஆனால் ஒரு நாள் இடது கண்ணுக்கும் கோடு வளைந்தால், வளைந்தது கண்ணா சுவரா என்று எனக்குத் தெரியாது. அன்று அவளை எழுப்பலாமா கூடாதா என்றும் தெரியாது. அதனால் இப்போது அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லி, தினமும் அவளையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

"இன்னிக்கு எப்படி இருக்குது?" என்று இன்று காலை கேட்டேன்.

"நேராத்தான் இருக்குது."

"எந்த வரிசை பார்த்தே?"

"எல்லாத்தையுந்தான் பார்த்தேன். காப்பியக் குடிங்க, ஆறிப்போவுது."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் மூன்றாம் மாடிக்குக் கம்பி ஏற்றும் சத்தம் கேட்டது. நான் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, பரணுக்குக் கீழே முதல் கட்டத்திலிருந்து தொடங்கினேன்.