ஜெயராணியின் கட்சிக் கொப்பி

ஜெயராணி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மெற்றோ ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். கோட்-டெ-நெய்ஜில் இறங்க வேண்டியவள் இரண்டு நிலையங்கள் தாண்டிப் போய்விட்டேன். அழைத்தது அவருடைய தம்பி. "அக்கா காலமை போயிட்டா. போன கிழமையும் உங்கடை வகுப்புப் பிள்ளையளுக்குத்தான் கேள்வி எழுதிக்கொண்டிருந்தவ" என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அமெரிக்க செனற் பற்றிக் கேள்வித்தாள் தயாரிக்க இந்த ஊரில் ஒருவரால்தான் முடியும். அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது, என்ன செய்ய.

அவரை அறிந்தவர்களுக்கு நான் அறிமுகம் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காக: ஜெயராணி கல்லூரியில் அரசியல் படிப்பித்தவர். சனிக்கிழமைகளில் இல்-பிசாரிலிருந்து காரோட்டி வந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பள்ளியில் மூத்த பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் பாடம் எடுப்பார். நான் அங்கே இலக்கணம் படிப்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குத் தாங்கள் வாழும் கியூபெக் மாகாணத்து அமைச்சர் ஒருவரின் பெயரும் தெரியாது. அமெரிக்கத் தேர்தல் என்றால் மட்டும் சண்டை பிடிப்பார்கள். "சண்டை பிடிக்கிறவைக்கு விசயம் தெரியவேணும்" என்று சொல்லி, அமெரிக்கக் கட்சிகளைப் பாடமாக எடுத்துக்கொண்டார்.

முதல் வகுப்பை நான் கதவருகில் நின்று கேட்டேன். "அமெரிக்காவிலை எதிர்க்கட்சித் தலைவர் ஆர்?" என்று கேட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு, எல்லாவற்றையும் அழித்தார். "அப்பிடி ஒரு கதிரையே அங்கை இல்லை." சனாதிபதி ஒரு கட்சிக்காரராக இருப்பார், காங்கிரஸ் என்ற அவர்களுடைய நாடாளுமன்றம் இன்னொரு கட்சியின் கையில் இருக்கலாம், சட்டமூலம் தோற்றாலும் அரசாங்கம் விழாது என்று அவர் விளக்க விளக்க, பிள்ளைகள் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்கள். எனக்கும் ஓடிப்போய் முன்வரிசையில் இருக்க வேண்டும் போலிருந்தது. வேற்றுமை உருபுக்கு ஒருநாளும் இப்படி நடந்ததில்லை.

பிழை மூன்றாவது சனிக்கிழமைப் பாடத்தில் நடந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்றும் பதியலாம். அதைக் காட்ட ஜெயராணி ஒரு கொப்பியைச் சுற்றுக்கு விட்டார். பெயர், முகவரி, கட்சி என்று மூன்று கோடு. பிள்ளைகள் குதூகலமாக எழுதினார்கள்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் பேரின்பநாதன் நின்றார். துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறவர். எங்கள் மாணவி அபிராமியின் அப்பா. குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். "ரீச்சர், பிள்ளையின்ரை பேரை ஏன் கட்சிக் கொப்பியிலை எழுதுவிச்சனீங்கள்? பேர் எழுதின கொப்பி ஆரின்ரை கையிலை போகும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. யுத்தகால யாழ்ப்பாணத்தில் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது, யார் வீடு தேடி வந்தார்கள் என்பது அவரைப்போல எனக்கும் தெரியும். வேறு நான்கு பெற்றோரும் பிள்ளைகளை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள்.

நிர்வாகக் குழு கூடியது. ஜெயராணி சொன்னது இவ்வளவுதான்: "கிளித்தட்டு விளையாடேக்கை நாங்கள் கட்சி பிரிக்கேல்லையோ? விளையாட்டு முடியக் கட்சியும் முடிஞ்சுது. கட்சி எண்டா அப்பிடியும் இருக்கலாம் எண்டு இந்தப் பிள்ளையளுக்கு ஆர் சொல்லுறது?" வகுப்பை நிறுத்துவது பற்றிக் கை உயர்த்தக் கேட்டார்கள். நான் உயர்த்தினேன். ஆம், அவருடைய நெருங்கிய தோழி நான்தான் அவருக்கு எதிராக உயர்த்தினேன். பயம். அவர் தோற்றார். கடைசியாக ஒரு வகுப்பு, அதுவும் பெற்றோர் முன்னிலையில், என்று விட்டுக்கொடுத்தார்கள்.

வெளியே வந்தால் காரை உறுமவிட்டுக்கொண்டு எனக்காக நிற்கிறார். மெற்றோ வாசல்வரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "நீர் எனக்கெதிரா வாக்குப் போட்டது பிழையில்லை. ஆனா என்ரை முகத்தைப் பார்த்துப் போட்டிருக்கலாம்" என்றார். எனக்கு அறை விழுந்தது போலிருந்தது.

அந்தக் கடைசி வகுப்பு! கீழ்த்தளம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையாகிவிட்டது; பிள்ளைகள் கொப்பியில் எழுதிய கட்சிப்படி பிரிந்து இருந்தார்கள். பெற்றோர் சுவரோரம் கைகட்டி நின்றார்கள். பிள்ளைகள் கொண்டுவந்த சட்டமூலம், சனிக்கிழமைப் பள்ளி நேரத்தில் ஒரு மணித்தியாலத்தைக் குறைப்பது. அபிராமியின் கட்சிதான் அதைக் கொண்டுவந்தது. பெயர் சொல்லி வாக்குக் கேட்டபோது அவள் எழுந்து, "நான் எதிர்" என்றாள். அவளுடைய கட்சிக் கொறடாவுக்கு, அதாவது ஆட்களை ஒரே பக்கம் வாக்களிக்க வைக்கும் பொறுப்பிலிருந்த மாணவிக்கு, மூச்சு நின்றுவிட்டது. "மே நோன், இல்லை அபி, நீ எங்கடை ஆள்." அபிராமி அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "ஓம், உங்கடை ஆள்தான். ஆனா எனக்கு இந்த வகுப்பு வேணும்." ஒரு வாக்கால் சட்டமூலம் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் இருவரும் ஒரே தட்டில் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேரின்பநாதன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜெயராணியிடம் போய், "அங்கை கட்சியை விட்டு விலகினா ஆரும் வீட்டை வருவினமோ?" என்று கேட்டார். "ஒருத்தரும் வராயினம். ஒரு படிவம் நிரப்பினாக் காணும். கட்சியே இல்லை எண்டும் பதியலாம்." அவர் கொப்பியைக் கேட்டு வாங்கினார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் பெயரை எழுதி, கட்சி என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். அதற்குப் பிறகு வகுப்பை நிறுத்துவது பற்றி ஒருவரும் பேசவில்லை; வகுப்பு தொடர்ந்தது.

இப்போது கேளுங்கள். ஜெயராணியின் மறைவுக்குப் பிறகு குழு கூடி, அவருக்கு மரியாதையாக இந்த வருடம் அந்த வகுப்பை நிறுத்தி வைப்போம் என்றது. எல்லோரும் அவரை நேசித்தவர்கள். எல்லோருக்கும் கண் கலங்கியிருந்தது. நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, எதிராகக் கை உயர்த்தினேன். வகுப்பை நானே எடுக்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன்; செனற்றில் எத்தனை பேர் என்று இரவல் புத்தகத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். பெற்றோர் பிரதிநிதியாக இருந்த பேரின்பநாதனும் கை உயர்த்தினார். ஐந்துக்கு இரண்டு. தோற்றோம்.

ஆனால் தீர்மானத்தை அடுத்த மாதம் மறுபடி கொண்டுவரலாம். ஜெயராணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த உற்சாகம்தான்: தோற்ற மறுநாளே போனை எடுத்து, எனக்கு எதிராக வாக்களித்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதைப்பது. இரண்டு பேர் மனம் மாறினால் போதும். ஒருவர் நேற்று மாறிவிட்டார்.