பந்தியை அழிக்காத டொமினிக்

"அண்ணா, மேல டிரில்ல நிறுத்தச் சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல காப்பி ஓடுது."

வாரத்தில் பாதி நாள் இப்படி என் கட்டடத்தில் என் வேலையையே நிறுத்துகிறவன் டொமினிக். ஜீவனஹள்ளியில், மேலே இன்னும் வேலை நடக்கும் என் மூன்று மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் கல்யாண வீடியோ கடை வைத்திருக்கிறான். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மண் சுமந்து, கரண்டி பிடித்து, மேஸ்திரி ஆனவன். இன்று இந்தப் பக்கம் யார் கடைக்கால் தோண்டினாலும் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். அப்படிப்பட்ட நான், செங்கல் அளவு கறுப்புப் பெட்டி ஒன்றுக்காக ஆட்களைச் சும்மா உட்காரவைத்துக் கூலி கொடுக்கிறேன்.

அந்தப் பெட்டிதான் ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்து வயரில் மாட்டுவது. "ஒன் டீபி, ண்ணா" என்று அதில் கொள்கிற அளவைச் சொல்வான், பிள்ளை ரேங்க் வாங்கியதைச் சொல்வதுபோல. அதற்கு அவன் கொடுத்த விலையில் நான் ஒரு லோடு செங்கல்லே இறக்கியிருப்பேன். அதிர்ந்தால் உள்ளே சுற்றும் தட்டு கீறிவிடுமாம். அதனால் மேஜைக்கும் பெட்டிக்கும் நடுவில் மடித்த கம்பளிக் குல்லாய். ஆட்டோவில் போனால் மடியில். நிறைமாதக்காரியைக் கூட்டிப் போகிறவன்கூட டிரைவரிடம் அத்தனை தடவை "ஸ்லோ, ஸ்லோ" என்று சொல்லமாட்டான்.

உள்ளே என்ன பொக்கிஷம் என்று பார்த்தால், எல்லாம் ஊரார் சோறு தின்கிற படம். கல்யாணத்தில் எடுத்ததை வெட்டி ஒட்டி டிவிடி போட்டுக் கொடுத்ததும் மற்ற வீடியோக்காரர்கள் மிச்சத்தை அழித்துவிடுகிறார்கள். இவன் பந்தியை மட்டும் அழிக்கமாட்டான். ஒரு பெட்டி நிறைந்தால் அடுத்த பெட்டி. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"கான்கிரீட் காஞ்சா சென்ட்ரிங் பலகைய பிரிச்சி எடுத்துடணும்டா. அங்கயே வுட்டுட்டு வந்தா நான் மேஸ்திரியா, மடையனா?"

"மேடைல நிக்கிறவங்க ஆல்பம் போட்டு வெச்சிக்கிறாங்க ண்ணா. சாப்ட வந்தவங்களுக்கு யாரு போட்டா? சும்னே இருந்துட்டு போவட்டும்." கன்னடம் பாதி, தமிழ் பாதி அவன் பேச்சு.

சரி, வைத்துக்கொள், பேராவது போட்டு வை என்றால் அதுவும் கிடையாது. எல்லாக் கல்யாணமும் வெறும் நம்பர். எது யாருடையது என்று அவன் நினைவில் வைத்திருப்பது சாப்பாட்டைக் கொண்டுதான். ஒப்பட்டுப் போளிக் கல்யாணம், உப்பில்லாத பிரியாணி ரிசப்ஷன், பாயசம் திரிந்துபோன நிச்சயதார்த்தம். வீடியோக்காரனுக்கு எப்போதும் கடைசிப் பந்தி. ஆறிப்போனதைத் தின்ற கோபத்தில் மறப்பதில்லை போலிருக்கிறது.

போன மாதம் எங்கள் தெரு லட்சுமம்மா இறந்துபோனாள். பக்கத்து பிளாட்டுகளில் வீட்டு வேலை செய்யும் மரகதம் அவளுடைய ஒரே மகள். சாயங்காலம் எடுப்பதற்குள் வண்டியில் கட்டக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும், தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும். வீட்டில் படமே இல்லை. வோட்டர் கார்டில் இருந்த முகம் அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி இருந்தது.

"எங்கம்மாவுக்கு மூஞ்சியே இல்லாம போச்சே ண்ணா" என்று மரகதம் அழுதாள். நான் இருக்கிற தெருவில் அப்படி நடக்க விட்டுவிடுவேனா? இந்தப் பக்கத்துக் கல்யாணம் முக்கால்வாசி அவன் எடுத்ததுதான் என்று டொமினிக் கடைக்குக் கூட்டிப் போனேன்.

தாயைப் பறிகொடுத்து நிற்கிறவளிடம் அந்தப் புண்ணியவான் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, அம்மா கடைசியா போன கல்யாணத்துல என்னா ஸ்வீட்டு?"

எனக்குக் கை பரபரத்தது. "சாவு வூட்டுக்காரங்கள கேக்கற கேள்வியாடா இது?"

"ஸ்வல்ப இருங்க ண்ணா. மேல டிரில் நின்னுச்சா?"

"நின்னு அரமணி ஆச்சு. நீ தேடு."

மரகதம் மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தாள். "ஜாங்கிரி. எனக்கு ஒண்ணு எலைல சுத்தி எடுத்தாந்துச்சி."

ஜாங்கிரிக் கல்யாணங்கள் மட்டும் இரண்டு பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக மாட்டித் திறந்தான். திறந்தவன் அடுத்ததற்குப் போக வேண்டுமா, இல்லையா?

"இந்தப் பொண்ணு டைவர்ஸ் வாங்கிடுச்சி ண்ணா."

"நமக்கெதுக்குடா அது?"

"சும்னே சொன்னேன்."

பேனர் கடைக்காரன் இரண்டாம் தடவையும் போன் செய்துவிட்டான். அப்புறம்தான் அந்தப் பந்தி வந்தது. நீள வரிசையில் இலைகள், குனிந்த தலைகள். நடுவில் சிவப்புச் சேலையில் லட்சுமம்மா. ஆனால் நிமிரவில்லை. வகிடுதான் தெரிந்தது. சாம்பார் வாளி வந்தபோது கையை மட்டும் இலைக்குக் குறுக்கே நீட்டிப் போதும் என்றாள். ரசம் வந்தது. அதற்கும் தலை தூக்கவில்லை.

"நிமுரும்மா" என்றாள் மரகதம், திரையைப் பார்த்து.

என் பொறுமை போய்விட்டது. "வேகமா ஓட்டுடா."

"ஓட்டுனா மூஞ்சி தாண்டிப் போயிடும் ண்ணா."

மோர் ஊற்றுகிறவனும் கடந்து போனான். பக்கத்து இலைக்காரி என்னவோ சொன்னாள். லட்சுமம்மா நிமிர்ந்து, காமிராவை நேராகப் பார்த்துச் சிரித்தாள். டொமினிக் அங்கேயே நிறுத்தினான்.

முகத்தைப் பெரிதாக்கினான். நல்ல முகம்தான். ஆனால் உதட்டோரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை.

"இத்தோட எப்படிடா பேனர்ல போடறது?" என்றேன்.

டொமினிக் மவுஸை நகர்த்தி அம்புக்குறியைப் பருக்கையின்மேல் கொண்டுபோய் வைத்தான். அதற்குள் மரகதம் எழுந்துவிட்டாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, கண்ணாடித் திரையின்மேல் தாயின் வாயோரத்தைத் துடைக்கத் தொடங்கினாள். டொமினிக் அவளைத் தடுக்கவில்லை. அவள் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, சத்தம் வராமல் மவுஸை ஒரு தடவை அழுத்தினான். அவள் முந்தானையை எடுத்தபோது பருக்கை இல்லை.