படகுத்துறையில் பிரேக் போட்ட நாள்

போன வருஷம், மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. இடம், பெங்களூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரியின் படகுத்துறை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழந்தையிலேயே போலியோ வந்து இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. பிறந்தது கோலார் தங்கவயலில், வாழ்க்கைப்பட்டது பெங்களூர் ஆடுகோடியில். வீடு, ஆபீஸ், கடைத்தெரு எல்லாமே சக்கர நாற்காலியில்தான். கால் நடக்காவிட்டாலும் வாய் நன்றாக நடக்கும் என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஏரிக்கு நாங்கள் அடிக்கடி போவோம். மகளும் அவள் அப்பாவும் படகில் ஏறுவார்கள். நான் கரையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலுக்கும் முறுக்குப் பொட்டலத்துக்கும் காவல் இருப்பேன். துறைக்கு இறங்கப் படிகள் மட்டும்தான் இருந்தன. ஒரே ஒரு தடவை நாலு பேர் சேர்ந்து என்னைத் தூக்கிப் படகில் வைத்தார்கள். புடவை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கரையில் ஒருவர் அதை செல்போனில் படம் வேறு எடுத்துக்கொண்டிருந்தார். தூக்கியவர்கள் நல்ல மனுஷர்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் அரிசி மூட்டை மாதிரி இறக்கி வைக்கப்பட்டதில் அன்றைக்கு எனக்கு வந்த அவமானம் அப்படியே நெஞ்சில் தங்கிவிட்டது. இனிமேல் ஏறினால் நானாகத்தான் ஏறுவேன், இல்லாவிட்டால் முறுக்குக்குக் காவலே போதும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

"அம்மா, நீ எப்பம்மா எங்ககூட வருவே?" என்று ஒவ்வொரு தடவையும் மகள் கேட்பாள். ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

என்னை மாதிரி சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் இருக்கிற சிலர் ஒன்றாகச் சேர்ந்து மனு கொடுத்தோம், அலைந்தோம், சண்டை போட்டோம். கடைசியில் வேலை ஆரம்பித்தார்கள். கரையிலிருந்து ஒரு சாய்வுப் பாதை, அதன் முடிவில் தண்ணீர் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்குகிற மிதக்கும் மேடை, நாற்காலியோடு உருட்டிக்கொண்டு போகிற மாதிரி தட்டையான தளம் உள்ள படகு. கேட்டதெல்லாம் கிடைத்தது. திறப்பு விழாவில் முதல் ஆளாகப் படகில் ஏற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டுப்புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, கல்யாணப் பெண் மாதிரி கிளம்பினேன்.

ஷாமியானா பந்தல், மைக் செட், ரிப்பன் எல்லாம் தயாராக இருந்தன. சாய்வுப் பாதையின் வாசலுக்குப் போனேன். அங்கே மூன்று இரும்புக் கம்பங்கள் வரிசையாக நின்றன!

நம் ஊரில் நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதில் பைக் ஏறும். பைக் ஏறக் கூடாது என்று கம்பம் நடுவார்கள். அந்தப் பழக்கத்திலேயே இங்கேயும் நட்டுவிட்டார்கள். பைக் நுழைய முடியாத சந்தில் என் நாற்காலி மட்டும் எப்படி நுழையும்? முன் சக்கரம் போனது, பின் சக்கரம் கம்பத்தில் இடித்து நின்றது.

துறையைக் கட்டிய எஞ்சினியர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி. நாலு பேர் தூக்கி அந்தப் பக்கம் வெச்சிடுவாங்க. ஒரே நிமிஷம். சீஃப் கெஸ்ட் வந்துட்டே இருக்காரு."

கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்கிற அந்தக் கன்னட வார்த்தையைக் கேட்காமல் பெங்களூரில் ஒரு நாள் போகாது. நானும் பிறந்ததிலிருந்து அனுசரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் வீட்டுக்காரர்கூட, "விசேஷ நாளும் அதுவுமா அடம் பிடிக்காதேம்மா, நானே தூக்கிடறேன்" என்று குனிந்தார். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியின் பிரேக்கைப் போட்டேன்.

"ஈ சாரி கம்ப அட்ஜஸ்ட் ஆக்லி, சார்" என்றேன். இந்தத் தடவை கம்பம் அனுசரிக்கட்டும்.

"அதை எடுத்தா பைக் எல்லாம் உள்ளே வந்துடும் மேடம்."

"பைக்கைத் தடுக்க வாட்ச்மேன் இருக்காரு. என்னை உள்ளே விட யாரு இருக்காங்க?"

அவர் வாட்ச்மேனைத் திரும்பிப் பார்ப்பதற்குள் என் முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். திரும்பினேன். என்னோடு மனு கொடுத்த தோழி ஒருத்தி தன் நாற்காலிக்குப் பிரேக் போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு டக், இன்னொரு டக். ஊன்றுகோல்காரர்கள் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

எஞ்சினியர் கம்பத்தைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கட்டிங் மெஷின் எல்லி சிகுத்தே?" என்றார் பொதுவாக.

அது கிடைக்கிற இடம் எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரருக்கு ஆடுகோடியில் வெல்டிங் பட்டறை. "என்னங்க, நிக்கறீங்களே, போய் எடுத்துட்டு வாங்க" என்றேன். பறந்து போய்க் கொண்டுவந்தார். ஆனால் கரண்டுக்கு அங்கே இருந்தது ஒரே ஒரு பிளக்தான். மைக் செட்டைக் கழற்றித்தான் மெஷினைப் போட வேண்டியிருந்தது. சீஃப் கெஸ்ட் வந்து இறங்கினார், பேச மைக் இல்லை. கை கட்டி நின்று தீப்பொறி பறப்பதை வேடிக்கை பார்த்தார். ரிப்பனுக்கு முன்னால் கம்பம் வெட்டப்பட்ட திறப்பு விழா எங்கள் ஊரில்தான் நடந்திருக்கும்.

நடுக்கம்பம் சாய்ந்ததும் விசில் பறந்தது. பிரேக்கை எடுத்தேன். யாரும் தள்ளவில்லை. என் கையாலேயே உருட்டிக்கொண்டு சாய்வில் இறங்கினேன். மேடை லேசாக அசைந்து என்னை வாங்கிக்கொண்டது. படகு வாசலுக்கு வந்தபோதுதான் கவனித்தேன், பாட்டிலும் முறுக்கும் இருந்த பை வழக்கம் போல என் மடியிலேயே இருந்தது.

பக்கத்தில் நின்ற எஞ்சினியரிடம் நீட்டினேன். "சார், நாங்க வர்ற வரைக்கும் இதைக் கொஞ்சம் பார்த்துக்கறீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். மகள் என் கையைப் பிடித்துக்கொள்ள, படகு கரையை விட்டு நகர்ந்தது. நடு ஏரியிலிருந்து கரை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தேன். தூரத்தில் அந்த மனிதர் என் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

இப்போதும் நான் பல விஷயங்களில் அனுசரித்துத்தான் போகிறேன், ஆனால் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்று யாராவது சொன்னால், அனுசரிக்க வேண்டியது நானா கம்பமா என்று யோசித்து முடிப்பதற்குள் என் கை தானாகப் பிரேக்குக்குப் போய்விடுகிறது.