இரண்டாவது மிதி

எங்கள் பழைய காரில் பிரேக் சில நாள் முதல் மிதியிலேயே பிடிக்கும். சில நாள் பெடல் அடிவரை போய், இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். இரண்டு முறை மிதித்தே பழகிவிட்ட நான், அதை மனைவியிடம் சொல்லவில்லை.

சென்ற மாதம் அவள் தக்கலைக்கு ஓட்டிப் போனபோது, இறக்கத்தில் கார் நிற்காமல் வாழைத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. “நான்தான் ஒழுங்கா மிதிக்கல்ல போல” என்று அழுதாள். “பரவாயில்ல” என்று மட்டும் சொல்லி, காரை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போக ஏற்பாடு செய்தேன்.

மெக்கானிக் பெடலை அழுத்திப் பிடித்தார். அது மெல்லக் கீழே இறங்கியது. “மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேஞ்சு போச்சு. ஒருநாள்ல இப்படி ஆவாது. உங்களுக்கு முன்னமே தெரியலியா சாரே?” என்றார். பக்கத்தில் நின்ற மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது பெடல் சற்று மாறினாலும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுகிறேன். காரில் உள்ள குறையைச் சொல்லிவிட்டே சாவியைக் கொடுக்கிறேன். அவளோ, “வேற ஒண்ணும் மறைக்கல்லியே?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறாள்.