குற்றாலம் சாலையின் மருதமரங்கள்

தென்காசி ஸ்டேஷனில் இறங்கி, குற்றாலத்துக்கு மாட்டுவண்டி பிடிக்கிறேன். சாரல் முகத்தில் அடிக்கிறது. பாதி வழியில் ஒரு மருதமரத்தின் தூரில் ஆழமான கோடரி வெட்டு தெரிகிறது. வண்டியோட்டும் சுடலைமுத்துவிடம், "இது என்ன அண்ணாச்சி?" என்று கேட்கிறேன்.

"போன கோடையில ஒரு காண்ட்ராக்டர் இந்த ரோட்டு மரத்தையெல்லாம் வெட்ட வந்தான்யா. மரம் ஏத்த எங்களக் கூப்பிட்டான். ஒருத்தரும் போவல."

"நல்ல கூலி கிடைத்திருக்குமே?"

"கெடைச்சிருக்கும். ஆனா இந்த நெழலும் சாரலும் இருக்கப் போய்த்தான நீங்க அம்புட்டுத் தூரத்துல இருந்து வாரீய? நீங்க வந்தாத்தான் வண்டிக்காரன், எண்ணெய் தேய்க்கவன், பழக்காரி எல்லார் வீட்டுலயும் அடுப்பெரியும்."

காண்ட்ராக்டர் வெளியூர் வண்டிகளைக் கொண்டுவந்தானாம். சுடலைமுத்துவும் மற்ற உள்ளூர் வண்டிக்காரர்களும் தங்கள் வண்டிகளைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, மாடுகளை அவிழ்த்துவிட்டு மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார்கள். பழம் விற்கும் பெண்கள் சோறு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் காலையில் காண்ட்ராக்டர் ஆட்களோடு ஊரைவிட்டே போய்விட்டான்.

"அப்படியானால் எத்தனை மரங்களைக் காப்பாற்றினீர்கள்?"

சுடலைமுத்து முதுகை நிமிர்த்தி உட்காருகிறார். இருபுறமும் பச்சைக் கூரையாக நீளும் சாலையைச் சாட்டைக்கம்பால் காட்டுகிறார்.

"அருவி வரைக்கும் எண்ணிக்கிட்டே வாங்கய்யா."