கீழே யாரும் இல்லை

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். எனக்குக் கோபம் வராது. எனக்கே நடக்காமல் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்... நடந்ததற்கு மேல் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை.

என் பெயர் ஜோஸ்லின். சொந்த ஊர் சேலம். மரம் ஏறுவது என் வேலை. பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் உள்ள பெரிய மரங்களில் கயிறு போட்டு ஏறி, காய்ந்த கிளைகளை, விழப்போகிற கிளைகளை அறுத்து இறக்குவோம். போன வருடம்தான் பெங்களூரில் அதற்கான பயிற்சியை முடித்தேன். ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்று எங்கள் முதலாளி தோமினிக் அண்ணன் சொல்லியிருந்தார். எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவன் யோகேஷ். திருச்செங்கோட்டுக்காரன். தன்னைத்தான் அனுப்புவார் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். அண்ணன் அனுப்பியது என்னை.

அதிலிருந்து யோகேஷ் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஆனால் வேலைக்குப் போவது நாங்கள் இருவரும்தான். நான் மேலே. அவன் கீழே. மேலே இருப்பவளுக்கு இலைகளைத் தாண்டித் தரை தெரியாது. கீழே இருப்பவன்தான் அவளுக்குக் கண். இவன் என்றாவது என்னை மாட்டிவிடுவான் என்ற சந்தேகம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

போன ஐப்பசியில் ஜேடர்பாளையம் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை. தோட்டக்காரர் பெயர் தங்கசாமி. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் காய்ந்த கிளைகள் ஓட்டுக்கூரைக்கு மேலேயே நீண்டிருந்தன.

"காஞ்சதை மட்டும் எடுத்துட்டாப் போதுமுங்க. வேற எதுவும் பண்ண வேண்டாம்," என்றார் தங்கசாமி. மரத்தைப் பார்க்காமலே சொன்னார்.

வீட்டில் இருந்தது அவருடைய தம்பி மனைவி வசந்தாமணி. ஜன்னலில் நின்று எங்களைப் பார்த்தார். வெளியே வரவில்லை.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ரம்பம் ஓடும்போது கத்தினால் கேட்காது. அதனால் இருவர் ஹெல்மெட்டிலும் ஹெட்செட் இருக்கும். கிளையை முக்கால்வாசி அறுத்துவிட்டு நான் நிறுத்துவேன். "கீழ கிளியரா?" என்று கேட்பேன். யோகேஷ் சுற்றிலும் பார்த்துவிட்டு, "யாருமில்ல, உடு," என்பான். அந்தப் பதில் வராமல் கடைசி அறுப்பு அறுக்கக் கூடாது.

மதியத்திலிருந்து ஐந்து கிளைகள் இறக்கினோம். ஐந்து முறையும் அதே பதில். "யாருமில்ல, உடு."

மணி ஐந்தே முக்கால் இருக்கும். வானம் மூடிக்கொண்டு வந்தது. கடைசிக் கிளை. இருந்ததிலேயே பெரியது. கூரைக்கு இந்தப் பக்கம், வெறும் தரைக்கு மேலே இருந்தது. அடியில் ஒரு வெட்டுக் கொடுத்துவிட்டு, மேலிருந்து அறுத்தேன். கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்தினேன்.

"கீழ கிளி..."

"யாருமில்லை. விடு."

நான் கேட்டு முடிக்கவே இல்லை.

எரிச்சல் வந்தது. பார்க்காமலே சொல்கிறான். வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லு யோகேஷ்."

"யாருமில்லை. விடு."

அப்போதுதான் உறைத்தது. 'விடு' என்கிறான். யோகேஷ் வாயில் ஒரு நாளும் 'விடு' வந்து நான் கேட்டதில்லை. 'உடு'தான்.

இன்னொன்றும் இருந்தது. அவன் மைக்கில் எப்போதும் காற்று இரையும். சருகு மிதிபடும். நாய் குரைத்தால்கூடக் கேட்கும். இப்போது எதுவும் இல்லை. அடைத்த அறைக்குள் இருந்து பேசுவது போல அந்தக் குரல் மட்டும்.

"எங்க நிக்கிற நீ?"



மூச்சு மட்டும் கேட்டது. நான் இழுக்கும்போது அதுவும் இழுத்தது. நான் விடும்போது அதுவும் விட்டது. நான் மூச்சை நிறுத்திப் பார்த்தேன்.

அதுவும் நின்றது.

"விடு."

ரம்பத்தை அணைத்தேன்.

"விடு."

அதை இடுப்புக் கொக்கியில் மாட்டினேன்.

"விடு... விடு... விடு..."

கயிற்றைத் தளர்த்திப் பக்கத்துக் கிளைக்குச் சாய்ந்தேன். இலைகளை ஒதுக்கிவிட்டுக் கீழே பார்த்தேன்.

நேர் கீழே வசந்தாமணி நின்றிருந்தார்.

அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டு. எதையோ வாங்கிக்கொள்ளப் போவது போல இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு.

"அக்கா! தள்ளிப் போங்க!"

அவர் நகரவில்லை. சரி என்பது போலத் தலையை ஆட்டினார்.

"அக்கா!!"

கிளை முனகியது. நான் தொடவே இல்லை...

வேலிப் பக்கமிருந்து யோகேஷ் ஓடி வந்தான். அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தான்.

மடேர்!

அவர் நின்ற இடத்தில் கிளை கிடந்தது. புழுதி அடங்கிய பிறகுதான் இரண்டு பேரும் அசைவது தெரிந்தது.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. நேராகப் போய் யோகேஷின் சட்டையைப் பிடித்தேன்.

"ஆளு நிக்கிறப்ப ஏன்டா யாருமில்லைன்னு சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? போர்வெல் வண்டி வருது, நம்ம வேனை எடுக்கோணும், அறுக்காம இருன்னு உன்கிட்டச் சொல்லிட்டுத்தான போனேன்! நீயும் சரின்னயே!"

நான் சரி என்று சொல்லவில்லை. அப்படி எதுவும் என் காதில் விழவும் இல்லை.

பொய் சொல்கிறான் என்றே நினைத்தேன். அவன் ஹெல்மெட் வேனுக்குள் சீட்டில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். ஹெட்செட் அணைந்திருந்தது. இப்போது அணைத்திருக்கலாமே? தங்கசாமியிடம் கேட்டேன்.

"நாந்தானுங்க பின்னால நின்னு வண்டிய ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிட்டு இருந்தேன். தம்பி தலையில ஒண்ணும் இல்லீங்க. யாருகிட்டயும் பேசவும் இல்லீங்க."

வசந்தாமணி தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் ரத்தம். கோபமாக என்னைப் பார்த்தார்.

"நீயே கூப்புட்டுப்போட்டு, நீயே தள்ளிப்போன்னு கத்தறயே சாமி?"

"நான் கூப்பிடலைங்க அக்கா."

"'அக்கா, கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க, ஒண்ணு தாரேன் புடிங்க'ன்னு நீதான சொன்ன? அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு."

தங்கசாமியின் முகம் வெளுத்துவிட்டது. வசந்தாமணியை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் சாமான்களை வேனில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். யோகேஷ்தான் ஓட்டினான். சேலத்தில் என் வீட்டு வாசலில் இறங்கும்போது, "மன்னிச்சுரு," என்றேன். தலையாட்டினான்.

பத்து நாள் கழித்து வசந்தாமணி போனில் கூப்பிட்டார்.

"உங்ககிட்ட முன்னமே சொல்லியிருக்கோணும் சாமி. தங்கசாமி மாமா சொல்ல வேண்டாம்னுட்டாரு. என்ற ஊட்டுக்காரரு செத்தது அந்த மரத்தடியிலதான்."

நான்கு வருடத்துக்கு முன்னால். ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள். மரத்தில் ஓர் ஆள் ஏறிக் கிளை வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் துணைக்கு யாரும் வரவில்லை. வீட்டுக்குள் சந்திரசேகர், வசந்தாமணியின் கணவர், சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே ஒரு பெண் குரல் கூப்பிட்டது. கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க என்று. பாதிச் சோற்றில் எழுந்து போனார்.

"வெட்டுன ஆளு தலையில அடிச்சு அடிச்சு அழுதாருங்க. கீழ யாருமில்லைன்னு யாரோ சொன்னாங்கன்னு. ஒருத்தரும் நம்பல. எனக்கு அது பெருசா படல. அந்தப் பொம்பள குரல்தான் மனசுல நின்னுச்சு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியநாயகிதான் கூப்பிட்டிருப்பா, ரெண்டு பேத்துக்கும் என்னமோ இருக்குதுன்னு நினைச்சேன். நாலு வருசம் அவ மூஞ்சில முழிக்கல. எழவுக்கு வந்தவளை வாசல்லயே திருப்பி அனுப்பிச்சேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"நேத்துப் போயி அவ கையப் புடிச்சு அழுதுட்டு வந்தேன்."

"ஏனுங்க அக்கா?"

"அது அவ குரல் இல்ல சாமி. அன்னைக்கு என்ற ஊட்டுக்காரரக் கூப்பிட்டதும், இப்ப என்னையக் கூப்பிட்டதும் ஒரே குரல்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உன்ற குரல்."

நான்கு வருடத்துக்கு முன்னால் நான் சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மரம் ஏற ஒரு பயிற்சி இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. ஜேடர்பாளையத்தில் கால் வைத்ததில்லை.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவரு உனக்கு என்ன பண்ணுனாரு சாமி?"